ஸ்லோவேனியாவில் கோடைப் பயணம்: நான்கு நாளில் நாடு முழுவதையும் பார்த்துவிட முடியுமா?

2025 மே 4, காலை (வாசகர் கேள்வி)

ஜூலை இரண்டாம் வாரத்தில் நானும் மனைவியும் பத்து வயது மகளும் எழுபதை நெருங்கும் என் தாயாரும் ஸ்லோவேனியா செல்கிறோம். முழுதாகக் கிடைப்பவை நான்கு நாட்கள். நாடு மிகச் சிறியது என்பதால் வாடகைக் காரில் பிளெட் ஏரி, வின்ட்கார் பள்ளத்தாக்கு, போஹிஞ் ஏரி, விர்ஷிச் கணவாய், சோச்சா ஆறு, போஸ்தொய்னா குகை, பிரெத்யாமா கோட்டை, கடற்கரை நகரமான பிரான், தலைநகர் லுப்லியானா, மாரிபோர் நகரம் என எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று கணக்கிட்டிருக்கிறோம். இந்தப் பட்டியலில் விடுபட்டவை ஏதேனும் உண்டா?

2025 மே 4, இரவு

விடுபட்டது எதுவும் இல்லை. பட்டியலில் பாதியை நீக்க வேண்டும் என்பதே என் பதில்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், 2017 ஜூலையில் நானே இந்தப் பட்டியலை ஏறக்குறைய இதே வரிசையில் ஐந்து நாளில் முடித்தேன். நானும் ஒரு நண்பரும் மாறி மாறி வண்டி ஓட்டினோம். ஒன்பது இடங்களைப் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இன்று அந்தப் பயணத்தை நினைத்தால் முதலில் மனதில் எழுவது போஹிஞ் ஏரிக்கரையில் காலை பத்து மணிக்கே நிரம்பிவிட்ட வண்டி நிறுத்துமிடமும், அங்கே வெயிலில் ஒரு மணி நேரம் சுற்றி வந்ததும்தான்.

நாடு சிறியது என்பது உண்மை. பரப்பளவு சுமார் 20,270 சதுர கி.மீ.; மக்கள்தொகை 21 இலட்சம் அளவில்தான். லுப்லியானாவிலிருந்து பிளெட் சுமார் 55 கி.மீ., போஸ்தொய்னா சுமார் 50 கி.மீ., கடற்கரையில் உள்ள பிரான் சுமார் 120 கி.மீ. இந்த எண்களைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். வரைபடம் நீளத்தையும் அகலத்தையும் மட்டுமே காட்டுகிறது. ஸ்லோவேனியாவின் அளவை உயரத்திலும் ஆழத்திலும் அல்லவா பார்க்க வேண்டும்? 2,864 மீட்டர் உயரமுள்ள த்ரிக்லாவ் சிகரம் ஒருபுறம், சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் ஆயிரக்கணக்கான குகைகள் மறுபுறம். மலையில் 25 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்; குகைக்குள் நுழைந்து வெளியே வர அரை நாள் ஆகும்.

தாயாரும் குழந்தையும் உடன் வருவதால் இரண்டே இரண்டு தங்குமிடங்களை வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இரவுகள் போஹிஞ்சில், அடுத்த இரண்டு இரவுகள் லுப்லியானாவில். மாரிபோரையும் பிரானையும் இந்த முறை விட்டுவிடுங்கள்.

2025 மே 6

பிளெட்டா, போஹிஞ்சா என்று இருவர் கேட்டிருந்தார்கள். நான் தயங்காமல் போஹிஞ் என்பேன்.

பிளெட் அழகற்றது என்று யாரும் சொல்ல முடியாது. ஏரியின் நடுவே ஒரு தீவு, அதில் தேவாலயம், கரையில் செங்குத்தான பாறையின் உச்சியில் 1011-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே குறிப்பிடப்படும் கோட்டை. ஆனால் அது ஒரே பார்வையில் முழுமையாகத் தெரிந்துவிடும் அழகு. கரையைச் சுற்றி ஆறு கிலோமீட்டர் நடந்து முடித்ததும், ஒரே படத்தை வெவ்வேறு கோணங்களில் பார்த்துவிட்ட உணர்வே எஞ்சுகிறது. கோடையில் கூட்டமோ மிக அதிகம்.

போஹிஞ் அப்படித் தன்னை உடனே காட்டிக்கொள்வதில்லை. நாட்டின் மிகப் பெரிய நிரந்தர ஏரி அது. 318 ஹெக்டேர் பரப்பு, 45 மீட்டர் ஆழம். நீளவாக்கில் ஒரு பள்ளத்தாக்கினுள் படுத்திருப்பதால் எங்கு நின்றாலும் ஏரியின் ஒரு பகுதி மறைந்தே இருக்கும். த்ரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் கரையில் பெரிய கட்டடங்களும் எழவில்லை. கிழக்குக் கரையில் கல்பாலத்தின் அருகே திருமுழுக்கு யோவான் தேவாலயம் நிற்கிறது. 2019-இல் என் அம்மாவை அழைத்துச் சென்றபோது முழங்கால் வலியால் அவரால் எங்கும் ஏற முடியவில்லை. அந்தப் பாலத்துக்கு அருகில் ஒரு பலகை இருக்கையில் மாலை முழுவதும் அமர்ந்திருந்தோம். நீரின் நிறம் பச்சையிலிருந்து சாம்பலுக்கும், சாம்பலிலிருந்து கருமைக்கும் மாறுவதை அவர் ஒவ்வொரு முறையும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பயணத்தில் எங்களுக்குச் சிறந்த மாலை அதுதான்.

மின்சாரத்தில் ஓடும் பயணப்படகு ஏரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்கிறது. தாயாருக்கு அதுவே போதும். மறுமுனையிலிருந்து சவீட்சா அருவிக்குச் செல்ல 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும் என்பதால் நீங்களும் மகளும் மட்டும் சென்று வாருங்கள். அந்த அருவி மேலே ஓடும் ஆறு ஒன்று விளிம்பில் கவிழ்வதால் உண்டானதன்று. மலைக்குள் மறைந்து வந்த நீர் செங்குத்துப் பாறையின் நடுவில் இருந்தே பீறிட்டு வெளியே விழுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

2025 மே 6, சற்று நேரம் கழித்து

எழுத மறந்தது: ஸ்டுடோர் என்ற சிற்றூர் போஹிஞ்சுக்கு மிக அருகில் உள்ளது. வைக்கோலை உலர்த்துவதற்காகக் கட்டப்பட்ட இரட்டை மரச்சட்டகங்கள் அங்கே வயலோரத்தில் வரிசையாக நிற்கின்றன. ஸ்லோவேனியர்கள் அதைக் கொசோலெத்ஸ் என்கிறார்கள். நுழைவுச்சீட்டு இல்லை, கூட்டம் இல்லை, ஏற வேண்டிய படியும் இல்லை.

2025 மே 9

கார் இல்லாமல் முடியுமா என்ற கேள்விக்கு: பெரும்பாலும் முடியும், சில இடங்களில் கார் இல்லாமல் இருப்பதே நல்லது.

யெசெனிட்சேயில் தொடங்கி பிளெட் ஏரி, போஹிஞ்ஸ்கா பிஸ்ட்ரிட்சா வழியாக நோவா கோரிட்சா வரை செல்லும் போஹிஞ் இரயில்பாதை, ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசு தன் திரியெஸ்தே துறைமுகத்துக்கு வழி காண்பதற்காக அமைத்து 1906-இல் திறந்தது. மலையை 6.3 கி.மீ. நீளமுள்ள சுரங்கத்தால் துளைத்துச் செல்கிறது. சுரங்கத்துக்கு இப்பால் ஆல்ப்ஸ் மலையின் ஊசியிலைக் காடுகள். அப்பால் மத்தியதரைக்கடலின் வெளிச்சம். என் மகள் சுரங்கத்துக்கு முன்னும் பின்னும் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து, வெளியே சூடு கூடிவிட்டது என்று அறிவித்தாள். பாதையின் முடிவுக்குச் சற்று முன் சோல்கானில் சோச்சா ஆற்றைக் கடக்கும் பாலத்தின் கல்வளைவு 85 மீட்டர் அகலம் கொண்டது. உலகிலுள்ள கல்லால் கட்டப்பட்ட இரயில் பாலங்களில் இதைவிடப் பெரிய வளைவு வேறெதற்கும் இல்லை. ஆனால் இரயிலுக்குள் இருந்தபடி அதைப் பார்க்க முடியாது என்பதால் இறங்கிச் சற்று நடந்து சென்று கீழிருந்து பார்க்க வேண்டும்.

நோவா கோரிட்சா நிலையத்தின் வாசலில் உள்ள சதுக்கத்தின் குறுக்கே இத்தாலிய எல்லை ஓடுகிறது. அங்கே இருந்த வேலியை 2004-இல் அகற்றிவிட்டார்கள். இப்போது தரையில் பதித்த ஒரு வட்டம் மட்டுமே இரண்டு நாடுகள் சந்திக்கும் இடத்தைக் காட்டுகிறது. நோவா கோரிட்சாவும் எல்லைக்கு அப்பால் உள்ள கொரித்சியாவும் சேர்ந்து 2025-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகத் தேர்வு பெற்றவை.

காரில்தான் செல்வது என்றால் நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டான வின்யெட்டாவை வண்டி எண்ணுக்கு இணையத்திலேயே வாங்க வேண்டும். முன்பு கண்ணாடியில் ஒட்டும் வில்லை இருந்தது, இப்போது இல்லை. எல்லை தாண்டி வாடகைக்கு எடுத்த வண்டி என்றால் அது வாங்கப்பட்டிருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 2017-இல் எங்களுக்கு வண்டி தந்தவர்கள் உண்டு என்று வாயால் சொன்னதை நம்பிப் பின்னர் நாங்கள் அபராதம் கட்டினோம்.

2025 மே 15

இனி நான் உண்மையில் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். இடங்களின் பட்டியலோடு செல்வதைவிட, நீரின் போக்கைப் பின்பற்றிச் செல்வதே ஸ்லோவேனியாவைப் பார்க்கும் வழி என்பது மூன்று கோடைகளுக்குப் பிறகு எனக்குத் தோன்றியது.

நாட்டின் தென்மேற்கில் உள்ள மேட்டுநிலத்தின் பெயர் க்ராஸ். சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைத்துக் குழிகளையும் குகைகளையும் உண்டாக்கும் நிலவகையை உலகெங்கும் கார்ஸ்ட் என்று அழைக்கிறார்களே, அந்தச் சொல் இந்த ஊரின் பெயரிலிருந்து வந்தது. இங்கே ஆறுகள் பள்ளத்தைத் தேடி ஓடி, ஒரு பாறைச்சுவரின் அடியில் திடீரென மறைந்துவிடும். சில கிலோமீட்டர் தள்ளி வேறொரு பெயருடன் வெளிவரும். லுப்லியானா நகரின் நடுவே அமைதியாக ஓடும் லுப்லியானிட்சாவை ஏழு பெயர்கள் கொண்ட ஆறு என்கிறார்கள்: தர்புகோவிட்சா, ஒபர்ஹ், ஸ்தர்ஜென், ராக், பிவ்கா, உனிட்சா, கடைசியில் லுப்லியானிட்சா. ஒவ்வொரு முறை நிலத்தடியில் இருந்து வெளிவரும்போதும் அந்தந்த ஊர்க்காரர்கள் அதைப் புதிய ஆறாகவே கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள்.

போஸ்தொய்னா குகையைக் குடைந்தது இந்த ஏழில் ஒன்றான பிவ்காதான். 24 கி.மீ. நீளமுள்ள குகைத்தொகுதி அது. 1872 முதல் உள்ளே தண்டவாளம் உண்டு; இன்று மின்சார இரயிலில் அமர்ந்தபடியே பெரும்பகுதியைக் கடக்கலாம் என்பதால் உங்கள் தாயாருக்கு ஏற்றது. வெளியே 33 பாகை வெயில் இருந்தாலும் உள்ளே 10 பாகைதான். கம்பளிச்சட்டை இல்லாமல் செல்ல வேண்டாம். குகை நீரில் வாழும் ப்ரோட்டியஸ் என்ற உயிரினத்தைக் குழந்தைக்குக் காட்டுங்கள். கண்பார்வை இல்லை, தோல் மனிதத் தோலின் நிறத்தில் இருப்பதால் மனித மீன் என்று பெயர். வெள்ளத்தில் அடித்து வெளியே வந்தவற்றைக் கண்ட அக்காலத்து மக்கள் அவற்றைப் பாறைக்குள் வாழும் டிராகனின் குட்டிகள் என்று நம்பினார்கள். உணவில்லாமல் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழும் அந்த உயிரினம் 2016-இல் போஸ்தொய்னா குகையின் கண்ணாடித் தொட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தது.

ஆனால் உங்களில் படி ஏறக்கூடியவர்கள் ஷ்கோத்சியானையும் பார்த்தாக வேண்டும். போஸ்தொய்னாவில் பாறை வடிவங்களைப் பார்க்கிறோம். ஷ்கோத்சியானில் ஆறு ஒன்று நிலத்துக்குள் புகுவதைப் பார்க்கிறோம். ரேகா என்பது அதன் பெயர். அந்தச் சொல்லுக்கே ஆறு என்றுதான் பொருள். உள்ளே வழிகாட்டி விளக்கை அணைத்தபோது முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு எங்கோ அடியில் ஒரு முணுமுணுப்பு. நடக்க நடக்க அது இரைச்சலாகியது. வளைவைத் திரும்பியதும் காலுக்குக் கீழே சுமார் 45 மீட்டர் ஆழத்தில் ஆறு, அதற்கு மேல் ஒரு சிறு பாலம், பாலத்தில் நாங்கள். எதிர்ச்சுவரில் நூறாண்டுகளுக்கு முன் குகையாய்வாளர்கள் கைப்பிடிக்கும் அளவுக்கு மட்டும் செதுக்கிய பழைய படிகள் விளக்கொளியில் தெரிந்தன. பெருவெள்ளக் காலங்களில் இந்தக் குகைக்குள் நீர் 100 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கிறது என்று சொன்னார்கள். அண்ணாந்து பார்த்தபோது நம்பத்தான் வேண்டியிருந்தது. இங்கிருந்து மறையும் ரேகா 30 கி.மீ.க்கும் மேல் நிலத்தடியில் சென்று இத்தாலியில் கடலோரத்தில் திமாவோ என்ற பெயரில் வெளிவருகிறது. 1986 முதல் இது உலகப் பாரம்பரியக் களம். குகைக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை என்பதை நான் நல்லது என்றே நினைக்கிறேன்.

அன்று மாலை நேரம் இருந்தால் செர்க்னிட்சா ஏரிக்குச் சென்று படகில் ஏறுங்கள்.

2025 மே 16

நேற்று எழுதிய கடைசி வாக்கியம் தவறு. ஜூலையில் செல்பவருக்குச் செர்க்னிட்சாவில் பெரும்பாலும் ஏரியே இருக்காது.

அது வந்து போகும் ஏரி. இலையுதிர்கால மழையிலும், வசந்தத்தில் பனி உருகும்போதும் நிறைந்து 25 சதுர கி.மீ.க்கும் மேல் விரியும். அப்போது அதுதான் நாட்டின் மிகப் பெரிய ஏரி. மழை நின்றதும் தரையிலுள்ள குழிகள் வழியாக நீர் இறங்கிவிட, கோடையில் அதே இடத்தில் புல் அறுக்கிறார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வல்வாசோர் என்ற அறிஞர் இந்த ஏரி நிறைந்து வற்றும் முறையை விளக்கி எழுதியதற்காகவே இலண்டன் அரச கழகத்தில் 1687-இல் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நான் அங்கே படகைப் பார்த்தது ஒரு மே மாதத் தொடக்கத்தில்; அந்த நினைவில் ஜூலைக்கும் அதையே எழுதிவிட்டேன்.

ஆனாலும் செல்லலாம் என்றே சொல்வேன். புல்வெளியின் நடுவே படகுகள் தரையில் கிடப்பதைப் பார்க்கும் குழந்தை கேட்கும் முதல் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டே நிலத்தடி ஆறுகளின் கதை முழுவதையும் சொல்லிவிடலாம்.

2025 மே 24

சோச்சா பற்றிக் கேட்டவருக்கு.

கிராஞ்ஸ்கா கோராவிலிருந்து விர்ஷிச் கணவாய் வழியாகச் செல்லும் சாலைக்கு 50 கொண்டைஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் இட்டிருக்கிறார்கள். உச்சி 1,611 மீட்டர். முதல் உலகப்போரின்போது இந்தச் சாலையை அமைத்தவர்கள் ரஷ்யப் போர்க்கைதிகள். 1916 மார்ச்சில் பனிச்சரிவு வந்து அவர்களில் பெருந்தொகையினரைப் புதைத்தது. உயிர்பிழைத்தவர்கள் இறந்தவர்களுக்காகக் கட்டிய மரச் சிற்றாலயம் வளைவு ஒன்றின் அருகே இன்றும் நிற்கிறது. நாங்கள் முதல் முறை சென்றபோது அதைக் கடந்து போனதே தெரியவில்லை. மூன்றாம் முறை இறங்கி நின்றேன். மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக உறுமிச் சென்றுகொண்டிருந்தன. பத்தடி காட்டுக்குள் நுழைந்ததும் அந்த ஒலி முழுவதும் அடங்கிவிட்டது.

கணவாய்க்கு அப்பால் த்ரேந்தா பள்ளத்தாக்கு. சோச்சாவின் ஊற்று ஒரு பாறைப் பிளவுக்குள் இருக்கிறது. மலைவிடுதியிலிருந்து சுமார் இருபது நிமிட ஏற்றம், கடைசிப் பகுதியில் இரும்புக்கயிற்றைப் பிடித்துக்கொண்டே செல்ல வேண்டும். தாயாரையும் குழந்தையையும் அங்கே அழைத்துச் செல்லாதீர்கள். கீழே ஆற்றங்கரையிலேயே நிறைவு கிடைக்கும். அந்த நீரின் நிறத்தை மரகதம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதைவிடச் சற்றுப் பால் கலந்த நிறம் என்பது என் எண்ணம். வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் நீரின் குளிர்ச்சி எலும்பைத் தொடும், நீரோட்டமும் வலியது, ஆகவே நீந்தத் தெரியும் என்ற துணிவில் இறங்கக்கூடாது. உடலில் பளிங்குக் கோடுகள் போன்ற வரிகளுடைய ட்ரவுட் மீன் ஒன்று இந்த ஆற்றின் பெருமை.

இவ்வளவு அழகான பள்ளத்தாக்கில்தான் 1915 முதல் 1917 வரை இத்தாலியப் படைகளும் ஆஸ்திரிய ஹங்கேரியப் படைகளும் பன்னிரண்டு முறை போரிட்டன. பன்னிரண்டாவது போர் 1917 அக்டோபர் 24 அன்று தொடங்கியது. கோபரீத் என்ற இந்தச் சிற்றூரின் இத்தாலியப் பெயரான கபொரெத்தோ, அந்த மொழியில் பெருந்தோல்வியைக் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது. கோபரீத் அருங்காட்சியகம் சிறியது. யார் வென்றார்கள் என்பதைவிட மலை உச்சியில் ஒரு குளிர்காலத்தைப் படைவீரன் எப்படிக் கழித்தான் என்பதையே அது காட்டுகிறது. ஊருக்கு மேலே உள்ள குன்றில் 7,000-க்கும் மேற்பட்ட இத்தாலிய வீரர்களின் எலும்புகளை வைத்திருக்கும் நினைவிடம் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்கு வந்தபோது எங்களால் நெடுநேரம் எதுவும் பேச முடியவில்லை. போர் அங்கே முற்றிலும் பழங்கதையாகிவிடவும் இல்லை: 2022 ஜூலையில் க்ராஸ் பகுதியில் பெரும் காட்டுத்தீ பரவியபோது, மண்ணில் புதைந்திருந்த முதல் உலகப்போர்க் குண்டுகள் வெப்பத்தில் வெடித்ததால் தீயணைப்பவர்கள் மிகுந்த ஆபத்துக்கு உள்ளானார்கள்.

நான்கு நாள் திட்டத்தில் சோச்சா இடம்பெற வேண்டும் என்றால் போஸ்தொய்னாவை விட்டுவிட வேண்டும். இரண்டும் வேண்டும் என்றால் ஆறு நாட்கள் தேவை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

2025 ஜூன் 1

சைவ உணவு: கிடைக்கும், ஆனால் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டி வேகவைக்கும் ஷ்த்ருக்லி பெரும்பாலும் பாதுகாப்பானது. நெளிகோதுமை (பக்வீட்) மாவில் செய்யும் களி போன்ற அய்தோவி ஜ்கான்ட்சியின் மேல் பன்றிக்கொழுப்புத் துணுக்குகளைத் தூவித் தருவது வழக்கம்; வேண்டாம் என்று முன்பே சொன்னால் பாலோடு தருவார்கள். இத்ரியா ஊரின் ஜ்லிக்ரோஃபியில் உள்ளே உருளைக்கிழங்கு என்று மட்டும் கேட்டு மகிழ்ந்துவிடாதீர்கள், அதிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது மரபு.

2025 ஜூன் 2

மே 6 அன்று பிளெட்டைப் பற்றி எழுதியதை இன்று மீண்டும் படித்தேன். அது நியாயமான தீர்ப்பு அன்று.

நான் மூன்று முறையும் பிளெட்டை நண்பகலில் பார்த்திருக்கிறேன் என்று எழுதத் தொடங்கி, அப்படியில்லை என்று நினைவு வந்தது. 2024-இல் ஒரு விடியற்காலை, இரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே ஏரிக்கரைக்கு வந்துவிட்டேன். ஆறு மணி இருக்கும். நீரின் மேல் முழங்கால் உயரத்துக்குப் பனிமூட்டம். தீவில் இருந்து மணி ஒலித்தது. ப்லெத்னா என்னும் துடுப்புப் படகின் ஓட்டுநர் ஒருவர் படகின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்; அந்தப் படகுகளில் இன்றும் மோட்டார் பொருத்துவதில்லை, ஒருவரே நின்றுகொண்டு இரண்டு துடுப்புகளால் செலுத்துகிறார். அந்த மூன்று மணி நேரத்தில் ஏரியைச் சுற்றி நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஏழெட்டுப் பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். முன்பு குறையாகச் சொன்ன அதே ஒரே படம்தான், ஆனால் அன்று அது போதும் போதும் என்று தோன்றவில்லை.

ஆகவே திருத்திச் சொல்கிறேன்: தங்குவது போஹிஞ்சில், ஒரு நாள் மட்டும் முதல் வண்டியில் பிளெட்டுக்குச் சென்று ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். தீவில் இறங்கியதும் 99 படிகள் உண்டு என்பதைத் தாயாருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

2025 ஜூன் 11

பிரானை நீக்கச் சொன்னதற்கு இருவர் மறுப்பு எழுதியிருக்கிறார்கள். நாட்டுக்கு இருப்பதே சுமார் 47 கி.மீ. கடற்கரை, அதைப் பார்க்காமல் வருவதா என்று கேட்கிறார்கள். கடல் பார்க்க வேண்டும் என்பவர்கள் போகலாம். நான் அவர்களை அனுப்புவது பிரானுக்குத் தெற்கே உள்ள செச்சோவ்லியே உப்பளங்களுக்கு.

அங்கே உப்பு எடுக்கும் முறை 14-ஆம் நூற்றாண்டில் இருந்து தொடர்கிறது. பாத்தியின் அடியில் பெத்தோலா என்ற மெல்லிய உயிர்ப்படலத்தை வளர்க்கிறார்கள். பாசியும் தாதுக்களும் சேர்ந்த அந்தப் படலம், உப்பு சேற்றோடு கலந்துவிடாமல் காக்கிறது. அதனால் உப்பு வெண்மையாக வருகிறது. ஒரு மழை பெய்தால் பல நாள் உழைப்பு கரைந்துவிடும். பிற்பகலில் மரப்பலகையால் உப்பைக் கூட்டிக் குவிக்கும் தொழிலாளரை வரப்பில் நின்று பார்த்தோம். சுண்ணாம்பு மலையில் மழையாக விழுந்த நீர் பாறையைக் கரைத்து, குகைக்குள் ஒளிந்து, கடைசியில் கடலுக்கு வந்து சேரும் பயணத்துக்கு இந்த வெண்குவியலே முடிவு என்று அப்போது எனக்குத் தோன்றியது.

பிரான் நகரைப் பற்றிச் சுருக்கமாக: நடுவிலுள்ள நீள்வட்டச் சதுக்கம் முன்பு படகுத்துறையாக இருந்தது, 1894-இல் தூர்த்துச் சதுக்கமாக்கினார்கள். அங்கே பிறந்த வயலின் கலைஞர் தார்த்தீனியின் சிலை அதில் நிற்கிறது. மாலையில் மட்டும் செல்லுங்கள்.

2025 ஜூன் 20

முக்கியமான திருத்தம். என் மே 15 குறிப்பைப் படித்துச் சென்ற ஒரு வாசகர், வழிகாட்டிக் கருவியில் ஷ்கோத்சியான் என்று இட்டு வேறு இடத்துக்குச் சென்றுவிட்டார். பிழை என்னுடையது, நான் முழுப்பெயர் எழுதவில்லை.

அந்தப் பெயரில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ரேகா ஆறு புகும் பெருங்குகை ஷ்கோத்சியான்ஸ்கே யாமே; அது திவாச்சா இரயில் நிலையத்துக்கு அருகில் உள்ளது. நிலையத்திலிருந்து காட்டுப்பாதையில் சுமார் 3 கி.மீ. நடந்தும் செல்லலாம். மற்றொன்று ராகோவ் ஷ்கோத்சியான். அது செர்க்னிட்சாவுக்கும் போஸ்தொய்னாவுக்கும் இடையே, ஏழு பெயர்களில் ஒன்றான ராக் ஆறு இரு குகைகளுக்கு நடுவே சற்றுத் தூரம் வெளிச்சத்தில் ஓடும் பள்ளத்தாக்கு. மேற்கூரை இடிந்து விழுந்த குகையின் மிச்சங்கள் இரண்டு இயற்கைப் பாலங்களாக அங்கே நிற்கின்றன.

வழிதவறியவர் எழுதியிருப்பதைப் படித்தால் மனம் இளகுகிறது: குகை கிடைக்கவில்லை, ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் மூன்று மணி நேரம் இருந்தோம், எங்களைத் தவிர யாருமில்லை என்கிறார். நான் ஒருமுறைகூட அங்கே இறங்கி நடந்ததில்லை. சாலையிலிருந்து பார்த்துவிட்டு வந்ததோடு சரி. அடுத்த முறை நடப்பேன்.

2025 ஜூன் 29

லுப்லியானாவை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனெனில் பெரும்பாலோர் அதை இரவு தங்கும் ஊராக மட்டுமே வைத்துக்கொள்கிறார்கள்.

1895 நிலநடுக்கத்தில் சேதமடைந்த நகரத்தைப் பிற்காலத்தில் வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் யோஷே ப்லெச்னிக். பழைய கல்பாலத்தின் இருபுறமும் நடப்பவர்களுக்காக இரண்டு பாலங்களைச் சேர்த்து அதை முப்பாலமாக்கினார். ஆற்றோரச் சந்தைக்குத் தூண்வரிசை அமைத்தார். கரையைப் படிகளாக்கி மக்களை நீரருகே இறங்கச் செய்தார். 2021-இல் அவருடைய பணிகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. நடு நகரில் கார் செல்ல அனுமதி இல்லாததால் தாயாரும் குழந்தையும் அச்சமின்றி நடக்கலாம். ஒரு காலை முழுவதையும் ஆற்றின் கரையிலேயே செலவிடுங்கள்.

நகர அருங்காட்சியகத்தில் ஒரு மரச்சக்கரம் இருக்கிறது. தெற்கே உள்ள சதுப்புநிலத்தில் 2002-இல் கண்டெடுத்தது. வயது சுமார் 5,150 ஆண்டுகள். அச்சோடு கிடைத்த மரச்சக்கரங்களில் இதைவிடப் பழையது உலகில் எங்கும் கிடைக்கவில்லை. சேறும் நீரும் காற்றைத் தடுத்ததால்தான் மரம் மக்காமல் தப்பியது. மீண்டும் நீரிடமே வந்துவிட்டேன்.

2025 ஜூலை 11

கேள்வி கேட்டவர் நேற்றிரவு லுப்லியானாவிலிருந்து எழுதியிருக்கிறார். மாரிபோர், பிரான், விர்ஷிச் மூன்றையும் நீக்கிவிட்டார்களாம். போஹிஞ்சில் இரண்டாம் நாள் பிற்பகல் இடிமழை பிடித்துக்கொண்டது. ஆல்ப்ஸ் மலையில் கோடைப் பிற்பகல்கள் பெரும்பாலும் அப்படித்தான், இதை நான் முதலிலேயே எச்சரித்திருக்க வேண்டும். சவீட்சாவுக்குக் காலையிலேயே சென்று வந்துவிட்டதால் தப்பித்தார்கள். போஸ்தொய்னாவில் தாயார் இரயிலில் இருந்து இறங்க மனமில்லாமல் இருந்தார் என்றும், மகள் ப்ரோட்டியஸ் தொட்டியை விட்டு நகரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நாளை ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, தாயாருக்குக் கால் வலி, தொலைவு வேண்டாம், எங்கே செல்லலாம் என்று கேட்கிறார்.

வர்ஹ்னிகாவுக்குச் செல்லுங்கள். லுப்லியானாவிலிருந்து பேருந்தில் சுமார் 20 கி.மீ. பெரிய ஊர் அன்று; சுற்றுலாப் பயணிகளும் அதிகம் வருவதில்லை. ஊரின் ஓரத்தில் மொச்சில்னிக், ரெத்தோவ்யே என்ற இரண்டு ஊற்றிடங்கள் உண்டு. பாறைச்சுவரின் அடியில், மரநிழலில், எந்த ஓசையும் இல்லாமல் பச்சை நீர் மேலே வந்துகொண்டிருக்கும். நீங்கள் குகையில் பார்த்த பிவ்காவும், செர்க்னிட்சாவின் குழிகளில் இறங்கிய நீரும் அங்கேதான் ஒன்றாக வெளிவந்து ஏழாவது பெயரைப் பெறுகின்றன. அம்மாவைக் கரையில் உட்கார வைத்துவிட்டு, மகளிடம் நீரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குகைக்குள் இருந்த அதே குளிர் இன்னும் அதில் இருக்கும்.